தறி நின்ற நாற்பது விநாடி

இன்று காலை பதினோரு மணிக்குக் கரண்டு போனது. மாதாமாதம் பராமரிப்புக்காக நிறுத்துவதுதான், நேற்றே சொல்லிவிட்டார்கள். இருந்தும் என் விசைத்தறிக் குடோனில் இருபத்துநாலு தறியும் அடங்கியபோது, கையிலிருந்த டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஓரத்துத் தறி மட்டும் இரண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தது. பிறகு வீதி முழுக்கச் சத்தமே இல்லை. உடனே நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். பேய்ப்பட இயக்குநர் என்று உலகம் உன்னைச் சொன்னது. உன் தொழிலுக்கு நீ போட்ட முதல் இந்த அமைதிதான் என்பது எனக்கல்லவா தெரியும்?

பேட்டி எடுக்கிறவர்கள் உன்னைப் பாதித்தவர்கள் யார் என்று கேட்பார்கள். நீயும் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பேர்களாக அடுக்குவாய். ஒருமுறை போனில் கேட்டேவிட்டேன்.

"ஏண்டா மாப்ளே, அந்த ஆளுக படத்தையெல்லாம் எப்படா பாத்தே?"

"பாதிக்குப் பாதி பாத்தன் மாப்ளே. அந்தியூர்க் குதிரைன்னு சொன்னா பேப்பர்ல போடுவானா?"

அந்தக் குதிரையை நானும்தான் பார்த்தேன். நாம் இருவரும் ஒரே குடோனில் கூலிக்குத் தறி ஓட்டிய காலம். என் மொபெட்டில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போயிருந்தோம். ஒரு வெள்ளைக் குதிரை காதை முன்னால் நீட்டி, நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று நின்றது. கூட்டமெல்லாம் குதிரையைப் பார்த்தது. நானும் பல்லைப் பார்த்து என்ன வயசிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ மட்டும் திரும்பி நின்று எதிர்ப்பக்கம் பார்த்தாய்.

"குதிரையப் பாக்காதடா. அது பாக்கறதப் பாரு."

"ஒண்ணுமே இல்லியே."

"அதேதான். ஒண்ணுமே இல்ல. அப்பறம் அது எதுக்கு நிக்குது?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பின்னாளில் நீ எடுத்த ஐந்து படத்திலும் பேய் முழுசாக வந்ததே இல்லை. யாராவது ஓர் ஆள் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். "சரக்கக் கண்ணுல காட்டாம யாவாரம் பண்றவன் நீ ஒருத்தன்தான்டா" என்று நான் சொன்னதை எத்தனை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கினாய்!

நீ சென்னைக்குப் போய் யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்த பன்னிரண்டு வருசத்தில், நான் தறி ஓட்டுவதை விட்டுத் துணி வாங்கி விற்க ஆரம்பித்து, சொந்தமாகத் தறியும் போட்டேன். அப்போதுதான் உனக்கு முதல் படம் அமைந்தது. தயாரிப்பாளர் கோவையில் பம்புசெட்டுத் தொழில் செய்தவர். படத்தில் ஒரு பெண் தறிக் குடோனில் தனியாக வேலை செய்கிறாள். பாதிப் படத்துக்குத் தறிச் சத்தம் ஓயாமல் ஓடுகிறது. திடீரென்று நிற்கிறது. நாற்பது விநாடிக்கு எந்தச் சத்தமும் இல்லை. படம் முழுக்க அந்த ஓர் இடத்துக்காகவே நீ கட்டியது. தயாரிப்பாளரோ, அந்த இடத்தில் இசை போடாவிட்டால் படம் வெளியே வராது என்று சொல்லிவிட்டார். ஊர்ச்சனத்துக்கு ஒரே ஒரு காட்சி போட்டுக் காட்டுகிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று தவணை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாய்.

நான் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னேன். "சத்தம் நின்னா மெசின் ரிப்பேருன்னு சனம் விசிலடிக்கும். கேக்கறவனுக்குப் புடிச்ச சரக்கக் குடுடா."

"மெட்ராஸ்ல போட்டா விசிலடிப்பாங்க மாப்ளே. அதுக்குத்தான் நம்மூரு வெள்ளகோயில்ல போடச் சொல்றேன். நீ ஆள மட்டும் கூட்டியா."

ஞாயிற்றுக்கிழமை, தறிக்கு லீவு. மேட்னிக்குத் தியேட்டரைத் தறிக்காரர்களாலேயே நிரப்பினேன். உனக்கும் எனக்கும் நடுவில் தயாரிப்பாளர். படம் தொடங்கிச் சத்தம் கிளம்பியதும் முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா திரும்பி, "ஏனுங்க, லீவு நாள்லயும் தறிக்கே கூட்டியாந்துட்டீங்களாக்கு?" என்றார். தியேட்டரே சிரித்தது. உன் முகம் செத்துப்போனது. ஆனால் பத்து நிமிசத்தில் அந்தச் சத்தம் யார் காதிலும் விழவில்லை. தினமும் எங்களுக்கு அப்படித்தானே? அது இருப்பதே தெரியாது.

அப்புறம் நின்றது.

தியேட்டர் மொத்தமும் எழுந்து நின்றது. திரையில் வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறது, "கரண்டு போச்சு!" என்று ஒருவர் கத்துகிறார். பம்புசெட்டுக்காரரும் எழுந்துவிட்டார். நானோ கதவைத் தள்ளிக்கொண்டு ஜெனரேட்டர் போட ஓடினேன். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றவர், "ஏனுங்க, அதுக்குள்ள படம் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரம் பார்த்து, உள்ளேயிருந்து அத்தனை பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

படம் விட்டதும் தயாரிப்பாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "அந்த எடத்துல கை வெச்சுப்போடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரேறினார். நீ என்னைத் தேடி ஸ்டாண்டுக்கே வந்தாய். "பேயப் பாத்துட்டு ஓடுனவனப் பாத்திருக்கறேன். பாக்காமயே ஓடுனவன் நீதான்டா!" சிரித்துச் சிரித்து உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழுவதும் சிரிப்பால் வந்த தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்தப் பக்கம் ஓடிய அளவுக்கு மற்ற ஊர்களில் அந்தப் படம் ஓடவில்லை. நீ சொன்ன மாதிரியே அங்கெல்லாம் விசிலடித்தார்கள். ஆனால் அந்த நாற்பது விநாடியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அடுத்த நாலு படமும் அதை நம்பி வந்தவைதான். நினைத்த வேலையை நினைத்த மாதிரி செய்துவிட்டுத்தான் கண்ணை மூடினாய். எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது? அதனால்தான் இதை எழுதும்போது எனக்கு அழத் தோன்றவில்லை.

போன வருசம் ஆஸ்பத்திரியிலிருந்து மதியத்தில் கூப்பிடுவாய். "இங்க ரூம்ல ஒரு சத்தமும் இல்ல மாப்ளே. போனக் கொண்டுபோயி தறிகிட்ட வெய்யி. சித்த நேரம் தூங்கறேன்." வைத்துவிட்டு நான் சாப்பிடப் போவேன். ஊரையே அமைதியால் அலற வைத்தவன், தறிச் சத்தத்தில் குழந்தை மாதிரி தூங்கினாய். ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன், "பயமா இருக்குதாடா?" என்று.

"இல்ல மாப்ளே. நின்னதுக்கப்பறம் என்ன வருதுன்னு பாக்கோணும். நடுவுல எந்திரிச்சு ஓடக் கூடாதில்ல, உன்னையாட்டம்."

இன்று தறி நின்றதும் மேனேஜர் ஓடிவந்தார். "ஏனுங்க, ஜெனரேட்டர் போட்டறலாமுங்களா?"

"சித்த இருங்க" என்றேன்.

ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். பக்கத்துத் தோட்டத்தில் மயில் அகவியது. யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. தறிகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த பாதையைப் பார்த்தபடி நின்றேன். ஒன்றுமே இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார்; பிறகு நான் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நாற்பது வந்த பிறகுதான் போடச் சொன்னேன். இந்தத் தடவை நான் ஓடவில்லை, மாப்ளே.