நண்பனுக்கு என்று சொன்ன வியாதி

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். கஞ்சமலை பாதிதான் தெரிகிறது, மீதியை மேகம் வைத்துக்கொண்டது. தறிச் சத்தம் எது, மழைச் சத்தம் எது, பிரிக்க முடியவில்லை.

என் பட்டுச் சேலைக் கடையில் ஆத்தூர்க் கல்யாணக் கூட்டம். வழக்கம்போலப் பெண்ணை வாசலில் நிறுத்தி, சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். டியூப்லைட்டில் நிறம் பொய் சொல்லும். ஏழு பட்டு எடுத்தார்கள். அவர்களோடு டீ. இன்றைக்கு ஒன்பதாவது.

சோறு கொண்டுவந்த என் மனைவி கவிதா பார்த்துக்கொண்டே நின்றாள். கிளம்பும்போது மெதுவாக: "ஊர்ப் பொம்பளைங்கள எல்லாம் வெளிச்சத்துல நிறுத்திப் பாக்கறீங்க. ஊட்டுல கட்டிக்கிட்டு வந்தவளத்தான் பாக்கறதில்லீங்க."

நாலு மாதமாக இப்படி. ஆசை இருக்கிறது, உடம்பு பாதியில் தளர்ந்துவிடுகிறது. வயது முப்பத்து மூன்று. மறுபடி தோற்பேன் என்ற பயத்தில் அவள் பக்கம் திரும்பாமலே படுக்கிறேன். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நவ. 6, வியாழன்

சேலத்தில் ஒரு லாட்ஜுக்கு மாதம் ஒருநாள் வரும் வைத்தியர். முதலில் பயமுறுத்தினார்: "இன்னும் ஆறு மாசம் விட்டா நரம்பே செத்துரும்." பிறகு லேகியம். கடைசி டப்பா என்றார். கடைசிப் பீஸ் என்று நானும்தான் தினம் சொல்கிறேன். தெரிந்தே வாங்கினேன்.

தின்றதும் நெஞ்சு படபடப்பு. மதியம் கண் அசந்தபோது கனவு. மேட்டூர் அணைத் தண்ணீர் மேல் சேலை விரிக்கிறேன். விரிய விரிய முந்தானை வரவேயில்லை. அக்கரையில் கவிதா.

நவ. 8, சனி

லேகியம் குப்பைக்கு. சேலத்தில் நிஜ டாக்டர்.

"என் நண்பனுக்குங்க."

"சரி. நண்பரோட கைய நீட்டுங்க, பிரஷர் பாக்கணும்."

கேள்விகள். காலையில் எழும்போது விறைப்பு உண்டா? (முன்பு உண்டு. இப்போது எப்போதாவது.) தூக்கம்? சிகரெட்? நெஞ்சுவலி, வேறு மாத்திரை? டீ எத்தனை?

பன்னிரண்டு. ரெண்டு ஸ்பூன் சர்க்கரையோடு. வருகிறவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தே எழுப்பிய கடை இது.

ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றுப் பத்து.

டாக்டர் சொன்னது: அங்கே ரத்தக்குழாய் மெல்லியது. சர்க்கரையும் புகையும் குழாயையும் நரம்பையும் கெடுக்கும். மீதியைப் பயம் பார்த்துக்கொள்ளும். லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது. "இதுல மானம் போக ஒண்ணுமில்ல. உங்க வயசுல நிறையப் பேர் வர்றாங்க. எல்லாரும் நண்பருக்காகத்தான்."

சர்க்கரைக்கு மாத்திரை. நடை. சிகரெட் கூடாது. விறைப்புக்கான மாத்திரை இதயத்தைப் பரிசோதித்த பிறகு, அவர் சொல்லும் அளவில். அடுத்த சனி மனைவியோடு வரச் சொன்னார். மனைவியோடு.

நவ. 9, ஞாயிறு

வெயில். ஈர மண் வாசம். கவிதா பையில் துணி அடுக்கிவிட்டாள். எடப்பாடிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு.

"எப்ப வருவே?"

"தெரியலீங்க."

நானே வண்டியில் கூட்டிப்போனேன். பாதி வழியில் ஏரிக்கரையில் நிறுத்தினேன். கொக்குகள் நின்றபடியே உறக்கம். டாக்டர் சீட்டை நீட்டினேன். பிறகு எல்லாம் சொன்னேன், லேகியம் உட்பட.

சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நாலு மாசமா கண்ணாடியப் பாத்துப் பாத்து அழுதனுங்க. கருத்துட்டனோ, குண்டாயிட்டனோன்னு. வேற எவளாச்சும் இருக்காளோன்னு. கடைசில டீயாங்க?"

சிரிப்பு வந்துவிட்டது. இருவருக்கும். அவளுக்குக் கண்ணீரும்.

"எங்கப்பனுக்கும் சக்கர இருக்குது. களி கிண்டித் தாரேன். வண்டியத் திருப்புங்க."

நவ. 15, சனி

காலை 6 மணி. பனி. எங்கள் ஊர் ஏரிவரை நடந்து வந்தோம். மலை இன்னும் எழவில்லை. டீ ரெண்டாகக் குறைந்தது, சர்க்கரை இல்லை. சிகரெட்: நேற்று ஒன்று, அவளுக்குத் தெரியாது. உடம்பில் மாற்றம் இன்னும் ஒன்றுமில்லை. கையைக் கோத்துக்கொண்டு தூங்குகிறோம். பயம் இல்லாத தூக்கம் இப்படித்தான் இருக்கும்போல, பஞ்சு மாதிரி.

டாக்டரிடம் போகக் கிளம்பி, டியூப்லைட்டுக்கு அடியில் ரெண்டு சேலையோடு நிற்கிறாள். ஒன்று மாம்பழ நிறம்.

"எதுங்க எனக்கு எடுப்பா இருக்குது?"

"அங்க தெரியாது. வாசலுக்கு வா, அம்மிணி."