கம்பி கட்டியது யார், நைனா?

இன்று காலை மகனுக்குப் பல்வலி. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். அந்த வாசனையோடு உன் ஞாபகமும் வந்துவிட்டது, நைனா. முன்பெல்லாம் அழுகை வரும். இப்போது ஆத்திரம்தான் வருகிறது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. முன்பல் இரண்டும் உதட்டுக்கு வெளியே நிற்கும். நீ தோட்டவேலை பார்த்த பங்களாவின் பல் டாக்டர், கம்பி கட்டினால் உள்ளே போய்விடும் என்றாராம். யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸை நம்ப முடியாது. பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லியில் இருந்த அவர் ஆஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிப்போனாய். வழியெல்லாம் ஒரே பேச்சு: "டாக்டரு தன் கையாலயே கட்டப்போறாரு, பாரேன்!"

நாற்காலியில் சாய்ந்ததும் உன் தோள்துண்டால் என் கண்ணைக் கட்டினாய். "மருந்து தெறிக்கும், தொறக்காத" என்றாய். கிராம்பு மணக்கும் விரல்கள் வாய்க்குள் பொறுமையாக வேலை செய்தன. துண்டை எடுத்தபோது எதிரே டாக்டர் நின்றிருந்தார். கும்பிட்டேன். கம்பியை முறுக்க மாதாமாதம் போனபோதும் அதே துண்டு, அதே கும்பிடு. கதவைத் திறந்துவிடும் கம்பவுண்டரிடம் "டாக்டர் ஐயா கீறாரா?" என்று கேட்டதோடு சரி.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பலகையில் உட்காராத பெண்களிடம் எவ்வளவு பீற்றிக்கொண்டேன்! "டாக்டரே என் வாயில கை வெச்சாரு, உங்களுக்கு இன்னாவாம்?" என்று மல்லுக்கு நிற்பேன். அதை நம்பித்தான் தலை நிமிர்ந்து திரிந்தேன்.

நீ போன பதினாறாம் நாள் அந்தக் கம்பவுண்டர் துக்கம் கேட்க வந்தார். என் பல்லைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நான் கட்டுன கம்பிம்மா. நல்லா வந்துகீது."

"டாக்டர் கட்டலியா?"

"அவரு உங்க ஜனங்க வாயில கை வெப்பாரா? நைனாவுக்குத் தெரியுமே. பொண்ணுக்குத் தெரியாம நான் பாத்துக்கறேன்னு நைனாதான் துண்டு கட்டுனாரு."

என் மனசு நோகக் கூடாதென்று செய்தாய் என்கிறாள் அம்மா. இருக்கலாம். ஊரே ஏமாற்றியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏமாற்றியது நீ. தொட மறுத்தவனை மாதாமாதம் கும்பிட வைத்தாய். பல்லை நேராக்கியவரிடம் முகம் கொடுத்துப் பேசக்கூட விடவில்லை. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் உன் பொய்தான் முதலில் தெரிகிறது.

அன்று கம்பவுண்டர் புறப்படும்போது எழுந்து நின்று கும்பிட்டேன். உள்ளே உனக்குப் படையல் போட்டிருந்தார்கள். அங்கே போய்க் கையெடுக்க மனம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை, நைனா.