பூத்தட்டு உன்னைத் தாண்டிய அன்று

அன்று பந்தலின் முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரையும் இப்போதும் சொல்வேன். கன்னிகாதானம் செய்து கொடுக்க வந்த உன் தம்பி சிவராசா. அவன் பெண்சாதி தவமணி. முல்லைத்தீவிலிருந்து ஒரு பெட்டி இறாலோடு வந்திறங்கிய உன் பழைய சிநேகிதி, மாதா கோயில்காரி மரியபுஷ்பம். கலியாண வீட்டுக்கு மீன் மச்சம் ஆகாது என்று அந்தப் பெட்டியை நீ என் வீட்டுக் குசினி அடுப்படியில் ஒளித்து வைத்தாய். மணவறையில் தலை குனிந்தபடி உன் மகள் சுகந்தி. கையில் பூத்தட்டோடு மாப்பிள்ளையின் பெரியம்மா பரமேஸ்வரி. உனக்குப் பக்கத்துக் கதிரையில் நான்.

இன்று காலை உன் கிணற்றடி மல்லிகையில் பதிந்து வேர் விட்டிருந்த கொடியொன்றைக் கிளறி எடுத்தேன். ஈர மண்ணோடு கடைசி மொட்டுகளின் வாசமும் எழும்பியது. அதோடு அந்த நாளும் எழும்பி வந்துவிட்டது. செல் விழுந்து வெடிக்கும் சத்தம் கிட்டவாகிவிட்டது. முரசுமோட்டையில் இனி இருக்க ஏலாது, நாளை விடிய நாங்களும் தர்மபுரம் பக்கம் வெளிக்கிடுகிறோம். உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டை, கூரைத் தகரம், சைக்கிள் எல்லாம் ஏறிவிட்டன. நான் பால்மா டின்னில் மண் போட்டு இந்தப் பதியத்தை வைப்பதைப் பார்த்து என் மூத்தவன் சொன்னான்: "சனம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடுது, உங்களுக்குப் பூக்கண்டு கேக்குது." நான் டின்னில் மண்ணை அமத்தினேன். அவனுக்கு இது பூக்கண்டு.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பூவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொன்னதுதான். கண் நோவுக்கு நந்தியாவட்டை இதழை இரவு பனியில் வைத்துக் காலையில் கண்ணில் ஒற்றுவாய். செவ்வரத்தம் பூவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஊர்ப் பெட்டைகளுக்குத் தலைக்குக் கொடுப்பாய். சாமிக்குப் பறித்த பூவை மணக்க விடமாட்டாய். பொழுது பட்ட பிறகு செடியைத் தொட்டால் கையில் தட்டுவாய், "அது நித்திரை, விடு" என்பாய். என் கடைசிப் பிள்ளை பிறந்த கையோடு போனபோது, பால் கட்டி நெஞ்சு கல்லாகிக் கிடந்தேன். நீ ஒரு சேலைத் துண்டு நிறைய மல்லிகையைக் கொண்டுவந்து என் மார்பில் வைத்துக் கட்டினாய். "பால் வத்திப்போகும். மற்றது வத்தாது, அதுக்கு என்னட்ட மருந்தில்லை" என்றாய். வேறு ஆரும் எனக்கு அப்படி உண்மை பேசவில்லை.

அந்த மல்லிகையைத்தான் நீ தினமும் தலையில் வைத்தாய். மாடு தேடிக் காட்டுக்குப் போன உன் மனுசன் திரும்பி வராத நாளிலிருந்து, பின்னேர வெயில் சாய முன்னம், மொட்டாய்ப் பறித்து, வாழை நாரில் கட்டி, கொண்டையில் செருகுவாய். இருட்டோடு அவர் படலையைத் திறந்து வந்தால் மூளிக் கொண்டையைப் பார்க்கக்கூடாது என்று. ஊர் கதைத்தது. கோயிலடியில் ஒருத்தி நேரேயே கேட்டாள். நீ சொன்ன மறுமொழி எனக்கு வாய்ப்பாடு போலப் பாடம்: "செத்ததெண்டு ஆர் பாத்தது? பாத்த ஆள் வந்து சொல்லட்டும், பூவை எடுக்கிறன்."

சண்டை நின்று, பாதை திறந்து, சனம் கொஞ்சம் மூச்சு விட்ட காலம் அது. சுகந்திக்கும் வவுனியாவில் கடை வைத்திருந்த தர்மபுரத்துப் பெடியனுக்கும் கலியாணம் கூடி வந்தது. பந்தலில் தொங்கியது, மணவறையில் சுற்றியது, மாலை, சடை, தட்டில் கிள்ளி வைத்த பூத்துண்டுகள், எல்லாம் உன் முற்றத்துப் பூ.

பரமேஸ்வரி தட்டோடு வந்தாள். சந்தனம், குங்குமம், பூ. புருசன் உள்ள பெண்களுக்கு நீட்டுகிற தட்டு. தவமணிக்கு நீட்டினாள். எனக்கு நீட்டினாள். உன் கை பாதி எழும்பியிருந்தது. அவள் உன்னைத் தாண்டி மரியபுஷ்பத்துக்கு நீட்டினாள்.

மரியபுஷ்பம் பூவை எடுக்காமல் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இதென்ன புதினம்? வேதக்காரிக்குப் பூ இருக்கு, வீட்டுக்காரிக்கு இல்லையோ?"

அந்தத் தட்டு உன் மனுசனைச் செத்தவர் கணக்கில் சேர்த்துவிட்டுப் போகிறது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். நான் எழும்பப் போனேன். நீ என் முழங்காலை அமத்திவிட்டு நீயே எழும்பிக் கிணற்றடிக்குப் போனாய். அழப் போகிறாய் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது உன் காதில் விரிந்த செவ்வரத்தம் பூ ஒன்று. அது விசருக்கு, பைத்தியத்துக்கு அடையாளம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நேரே பரமேஸ்வரிக்கு முன்னால் போய் நின்றாய். "நீங்கள் யோசியாதேங்கோ மச்சாள். விசரிக்கு ஆரும் பூ குடுக்கத் தேவையில்லை. அவளே புடுங்கி வைப்பாள்."

முதலில் சிரித்தது மேளக்காரர். பிறகு பந்தலே சிரித்தது. பரமேஸ்வரியின் தட்டில் குங்குமம் சிந்தியது. நீ அந்தச் சிவப்புப் பூவோடேயே பந்தி முழுக்கச் சோறு போட்டாய். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றவள் மணவறையில் இருந்தாள். வெட்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

பின்னேரம் கிணற்றடியில் நீ கை கழுவும்போது, "பிள்ளையிட்ட ஒண்டும் கேட்டுப்போடாதை" என்றாய். நல்ல நாளில் பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறாய் என விளங்கிக்கொண்டேன்.

போன மாரியில், பாதை மறுபடி பூட்டிக் கிடந்தபோது, நெஞ்சு நோவு உன்னைக் கொண்டுபோனது. வவுனியாவிலிருந்து சுகந்தியால் வர முடியவில்லை. அதற்கு நான் கோபிக்கவில்லை. பாதையைப் பூட்டியது அவளில்லை. உன்னைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திய பிறகு தவமணி கேட்டாள்: "பூ வைக்கிறதோ, விடுறதோ?" அப்போதுதான் பரமேஸ்வரி உள்ளே வந்தாள். தர்மபுரத்திலிருந்து சேற்றில் சைக்கிள் உழக்கி வந்திருந்தாள். கையில் வாழையிலைச் சரை நிறைய மல்லிகை மொட்டு.

"வைக்கத்தான் வேணும். அண்டைக்கே வைச்சிருக்கவேணும்" என்றாள்.

"அண்டைக்கு உம்மட கை எங்க போனது?" நான் விடவில்லை.

அவள் நாரைக் கிழித்தபடியே சொன்னாள். "பெட்டைதான் அண்டு காலமை என்னட்ட வந்து சொன்னவள் அக்கா. பெரியம்மா, அம்மாவுக்குத் தட்டை நீட்டாதேங்கோ, அப்பா இனி வரமாட்டார், உங்கட ஆக்கள் கதைப்பினம் எண்டு. பெத்த பிள்ளையே சொல்லேக்க நான் என்ன செய்ய?"

கிணற்றடியில் நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உனக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்க இனி ஆளில்லை. தெரிந்துகொண்டுதான் செவ்வரத்தம் பூவை வைத்தாய், பந்தல் மணவறையில் இருந்த உன் பெடிச்சியைப் பாராமல் உன்னையே பார்த்துச் சிரிக்கட்டும் என்று.

உன் கொண்டையில் பூ வைத்தது பரமேஸ்வரி. குங்குமம் வைத்தது நான். நீ போகும்போது உன் மனுசன் உயிரோடு இருந்தார், எங்கள் கணக்கில்.

இந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டுதான் நாளை பெட்டியில் ஏறுவேன். எங்கே இறக்குவோமோ அங்கே நடுவேன். என்றைக்காவது உன் மகள் வந்து பதியம் கேட்டால், வேரோடு கொடுப்பேன். செடிக்கு என்ன பகை. பரமேஸ்வரியோடு எனக்கு இருந்த கோபம் உன் பாடையோடு போய்விட்டது. தட்டு அவள் கையில் இருந்தது, அவ்வளவுதான். காட்டிலிருந்து வராத தகப்பனை, உனக்கு முன்னால், உன் முற்றத்துப் பூவாலேயே சாகடித்தவளை நீ அன்றைக்கே மன்னித்துவிட்டாய். அது உன் மனம். என் மனம் வேறு. நான் மன்னிக்காதது ஒருத்தியைத்தான்.

சுகந்தியை.