மொச்சையும் துவரையும்

கடத்தூர்,
10-6-1946

மதிப்பிற்குரிய மாதேஸ் அண்ணாவுக்கு,

இன்னாசியின் தங்கை சவுரியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை, முன்பின் கடிதம் எழுதிப் பழக்கமில்லாத ஒருத்தி தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நீங்கள் அண்ணனைத் தேடி வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று தண்ணீர்ச் செம்பை நீட்டியவள் நான்தான். ஒரு நாளும் உங்களோடு பேசியதில்லை. இந்தக் கடிதத்தையும் இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. மற்றபடி நடமாடுகிறார்கள். நான் பி.ஏ. முடித்து வந்து ஒரு வருடமாக இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். ரேஷனில் சோளம்தான் கிடைக்கிறது, அதிலும் பாதி புழு. இந்த வருடம் மழை இன்னும் இறங்கவில்லை. ஏரி காய்ந்து கிடப்பதால் நம் பையன்கள் உள்ளேயே கோல் கம்பம் நட்டு விளையாடுகிறார்கள். புழுதியில் பந்து எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை.

உங்களுக்கு வலது கையில் கட்டுப் போட்டிருப்பதாகவும், கடிதம் எழுத வேண்டுமானால் பக்கத்துக் கட்டில்காரர்தான் எழுதித் தருகிறார் என்றும் நம் குழுவை நடத்தும் மாயவன் மாமா சொன்னார். அண்ணனோடு பட்டாளத்துக்குப் போன நீங்கள் மலேயாவிலிருந்து உயிரோடு திரும்பிவிட்டீர்கள் என்று சித்திரையில் அவர் வந்து சொன்னபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இன்னாசியைப் பற்றி மாதேசுக்கு ஒன்றும் தெரியவில்லை, சிறைபிடித்த ஜப்பான்காரர்கள் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்களாம் என்றார். டாக்டர் உங்களை எதுவும் கேட்கக்கூடாது என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அதனால் நாங்கள் கேட்கவில்லை.

இப்போது எழுத வேண்டி வந்தது நம் பந்தாட்டக் குழுவின் விஷயமாக. குழு தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதற்காக ஒரு தேக்குப் பலகை செய்து, இத்தனை வருடத்தில் நம் குழுவுக்காகப் பந்தோடு ஓடியவர்களில் எல்லோருக்கும் மேலானவர் ஒருவர் பெயரை அதில் எழுதி மாட்டப் போகிறார்கள். ஒரு மாதமாக ஊரில் இதே பேச்சு. கடைசியில் இரண்டு பெயர்கள் நின்றன. ஒன்று பச்சியப்பன் அண்ணன். இன்னொன்று எங்கள் அண்ணன்.

அந்த இரண்டாவது பெயரைக் கேட்டதும் எனக்கு ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றே தோன்றியது. நம் குழுவின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு சமயம், இன்னும் விளையாடிக்கொண்டிருந்த ஒருவர் பெயரைச் சுவரில் எழுதப் போய், மறு வாரமே அவர் கால் முறிந்ததிலிருந்து, சட்டையைக் கழற்றியவர் பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் எழுதுவதில்லை. இனி ஒருபோதும் ஓட மாட்டார் என்றால்தான் பெயர். அண்ணனின் பச்சைச் சட்டை இன்னும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அம்மா சனிக்கிழமைதோறும் அதைத் துவைத்துக் காயவைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்பதால். ஐந்து வருடமாக, அண்ணன் ஓடிய வலது ஓரத்தில் ஓடுகிற பையனுக்கு வேறு நிறத்துச் சட்டைதான்.

குழுவின் நோட்டுப் புத்தகம் என்னிடம் இருப்பதால் பெயர்களை எழுதச் சொன்னார்கள். அண்ணன் ஆட்டம் முடிந்து வந்து சொல்லச் சொல்ல நான் எழுதிவைத்த அதே நோட்டுதான். எங்கண்ணன் இன்னும் சட்டையைக் கழட்டலைங்களே மாமா என்று எப்படியோ மாயவன் மாமாவிடம் கேட்டுவிட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி, எழுதும்மா, பேரு இருந்துட்டுப் போவட்டும் என்றார்.

நேற்று பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். பழைய ஆட்டக்காரர்கள் பதினெட்டுப் பேர். ஒரு மண்கலயம் வைத்து, பச்சியப்பனுக்குத் துவரை, இன்னாசிக்கு மொச்சை என்று வைத்துக்கொண்டார்கள். போடுவதற்கு முன்னால் நடந்த சண்டையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பச்சியப்பன் ஓடினா எருமை தண்ணிக்குப் போற மாதிரி இருக்கும், ஆனா யாராலயும் மறிக்க முடியாது என்றார் ஒருவர். இன்னாசி எதிராளியைத் தாண்டினப்புறம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பானே, அதுக்கே ஒரு பலகை அடிக்கலாம் என்றார் இன்னொருவர். நீ எங்கடா பார்த்த, அப்ப நீ கோல் கம்பத்துக்குப் பின்னால தூங்கிட்டிருந்த என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் போன பிறகு அவரைப் பற்றி இத்தனை பேர் இத்தனை நேரம் பேசி நான் கேட்டதில்லை.

பச்சியப்பன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. முட்டி வலியோடு மெதுவாக எழுந்து வந்து, எல்லோரும் பார்க்கும்படி மொச்சையை எடுத்துப் போட்டார். தனக்கு எதிராகவே போட்டார்.

எண்ணிப் பார்த்தால் ஒன்பதும் ஒன்பதும். சமமாக வந்தால் நோட்டு வைத்திருப்பவர் ஒரு விதை போட வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு வாரம் தவணை வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

நோட்டை அலமாரியில் வைக்கும்போது வாசலில் பச்சியப்பன் அண்ணன் குரல் கேட்டது. நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. மாதேசு எழுதுனத அந்தப் புள்ளைகிட்டச் சொல்லாம எத்தினி நாளைக்கு இழுப்பே மாயவா, அவங்காத்தா இன்னும் சட்டை தொவைச்சிட்டிருக்குது என்றார். வெளியே போய்க் கேட்க எனக்குக் கால் வரவில்லை. பி.ஏ. படித்தும் அந்தத் தைரியம் வரவில்லை.

நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது. இனி அவர் ஓட மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது மட்டும் நிச்சயம். ஆனால் ஓட முடியாமல் போவதற்கு ஒரு காரணம்தான் உண்டா? கால் போன எத்தனையோ பேர் ரயிலில் வந்து இறங்குவதாகக் கேள்விப்படுகிறேன். இன்று காலை பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு தப்பு டீச்சர் என்று ஒரு சிறுமி சொன்ன பிறகுதான் கரும்பலகையைப் பார்த்தேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. பலகையில் அண்ணன் பெயர் வரப்போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் வந்து பார்த்தா சந்தோசப்படுவான் என்று சொல்லிக்கொண்டே இன்று திங்கட்கிழமை என்றும் பாராமல் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த வழக்கம் தெரியாது.

உங்கள் கை சீக்கிரம் ஆற வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். அண்ணனைக் கடைசியாகப் பார்த்தவர் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இதனுடன் ஒரு மொச்சையும் ஒரு துவரையும் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். விலாசம் எழுதிய தபால் உறையும் இருக்கிறது. வருகிற 23-ஆம் தேதி நான் கலயத்தில் போட வேண்டும். நீங்கள் யாரையும் எழுதச் சொல்ல வேண்டாம், எதையும் விளக்கவும் வேண்டாம். எங்கள் அண்ணன் என்றாவது ஓடி வருவார் என்றால் துவரையை மட்டும் அனுப்புங்கள். இல்லையென்றால் மொச்சையை அனுப்புங்கள். நான் அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். மனமிரங்கி மாற்றி மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஓட முடியாமல் எங்கேயாவது உயிரோடு இருக்கிறார் என்றால், இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள் அண்ணா. எங்கே என்றாலும் நாங்கள் வந்து கூட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
இன்னாசியின் தங்கை
சவுரியம்மாள்