கர்னாய் நூற்றெட்டு, தேநீர் ஐம்பத்திரண்டு

கோக்கந்து,
வியாழக்கிழமை.

அன்பு மகன் முஸஃபருக்கு,

அப்பா எழுதுவது. உன்மேலும், நீ வேலை பார்க்கும் அந்தக் கொரிய மண்ணின்மேலும் சாந்தி நிலவட்டும். இங்கே எல்லோரும் நலம். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று திகைப்பாய். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் என் தொண்டை பாதியில் மக்கர் பண்ணும். அதனால்தான் அங்கே திரும்பும் எதிர்வீட்டு சொபிர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசிவரை படி. நடுவில் எழுந்து ஓடாதே.

முதலில் நீ அனுப்பிய கைக்கடிகாரத்தைப் பற்றி. 'அப்பா, கொம்பு ஊதி ஊதி உங்க காது போயிடும், சத்தம் அதிகமானா இது சொல்லும்' என்றாய். கட்டிக்கொண்ட அன்றே ஒரு கல்யாண ஊர்வலம். நான் ஆளைவிட நீளமான கர்னாய்க் கொம்பைத் தூக்கி வானத்தைப் பார்த்து ஒரு ஊது ஊதினேன், பார்! மணிக்கட்டில் குளவி கொட்டியது போல் அதிர்ந்தது. நூற்றெட்டு டெசிபலாம். 'இந்தச் சத்தத்தில் சில நிமிடங்கள் இருந்தாலே காது கெடும்' என்று எழுதிக் காட்டியது. நான் பயப்படவா செய்வேன்? கல்யாண வீடு முழுக்கக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு திரிந்தேன். என்னோடு வாசிக்கும் நம் துர்கனின் பறைக்கு வெறும் தொண்ணூற்று நாலுதான். அவனுக்கு முகமே செத்துவிட்டது. 'ஓய் சொத்வோல்தி, உன் கடிகாரமும் உன்னை மாதிரியே பொய் சொல்லுது' என்றான்.

அவன்தான் அடுத்த வாரம் மறுபோட்டிக்கு நம் முற்றத்துக்கு வந்தான். உன் மகள் ஷஹ்லோ மல்பெரி மரத்தடிக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் விருந்து உனக்கு நினைவிருக்கும். எந்தச் சத்தத்துக்கும் பிள்ளை பயந்து வளரக் கூடாது என்று பெண்கள் தொட்டிலுக்கு மேலே அக்ரூட் உடைத்தார்கள், தட்டுகளைத் தட்டினார்கள், வாசலில் நான் கொம்பு ஊதினேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தெருவே மெச்சியது. 'கர்னாய்க்காரர் பேத்தின்னா சும்மாவா' என்றார்கள். உன் அம்மா கண்பட்டுவிடும் என்று திருஷ்டி கழித்தாள். அதனால் அன்றும் நான் யோசிக்கவே இல்லை. முற்றத்தின் மறுகோடியில் நின்று ஊதினேன்.

பூனை மதில் ஏறி ஓடியது. பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. அவர்கள் மருமகள் எட்டிப் பார்த்து, 'பெரியவரே, கொஞ்சம் கருணை காட்டுங்க, இப்பத்தான் தூங்க வெச்சேன்' என்றாள். துர்கன் கட்டிலைக் காட்டி, 'இவ பாரு, ராணி மாதிரி தூங்குறா' என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போது கடிகாரம் மறுபடி அதிர்ந்தது. அந்த எண்ணைப் பார்த்தேன். பிள்ளையின் இமையைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

புலாவ் கொப்பரையின் மூடியை எடுத்துவந்து அவள் தலைமாட்டில் நின்று தட்டினேன். தொண்ணூற்றேழு. அசையவில்லை. மூடியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மல்பெரி இலை அவள் கன்னத்தில் விழுந்தது. அதற்கு விழித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உன் மனைவி தில்நவோஸிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டு போனேன். அவள் என் முகத்தைப் பார்த்ததுமே, 'மாமா, எனக்கு ரெண்டு மாசமா சந்தேகம். வாய்விட்டுச் சொன்னா நிஜமாயிடுமோன்னு பயந்துட்டேன்' என்று அழுதாள். அவளைக் கோபிக்காதே. உன்னிடம் மறைக்கச் சொன்னது நான்தான். தாஷ்கெண்டில் உறவுக்காரர் கல்யாணம் என்றோமே, அது கல்யாணம் இல்லை. காது மருத்துவரிடம் போனோம். இளம்பெண், பொறுமைசாலி. 'கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சமிருக்கு. கருவி வெச்சுப் பார்ப்போம். வீட்டை அமைதியா வெச்சுக்குங்க. எவ்வளவு சின்னச் சத்தத்துக்குத் திரும்புறாள்னு கவனிங்க. திரும்பலைன்னா ஆபரேஷன் பத்திப் பேசுவோம்' என்றாள்.

வீட்டை அமைதியாக! யாரிடம் சொல்கிறாள் பார். ஆனால் மகனே, அன்றிலிருந்து உன் அப்பா நான் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேன். கடிகாரத்தை வைத்து வீட்டை மூலை மூலையாக அளந்தேன். குளிர்சாதனப் பெட்டி முனகுவது நாற்பத்தொன்று. உன் அம்மா மூச்சுவிடாமல் பேசுவது அறுபத்தெட்டு, அதைக் குறைக்க வழியில்லை. விடியற்காலை முற்றத்தில் யாருமே இல்லாதபோதுகூட முப்பத்திரண்டு காட்டுகிறது. முதலில் கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மல்பெரி இலைகள்! வாய்க்கால் தண்ணீர்! இத்தனை வருஷம் இந்த முற்றத்தில் இருந்திருக்கிறேன், ஒரு நாளாவது இவற்றைக் கேட்டேனா? ஆண்டவன் இவ்வளவு சின்னதாகவும் பேசுகிறான், நான் பாட்டுக்குக் கொம்பு ஊதிக்கொண்டிருந்தேன்.

கருவி வைத்து முதல் சில நாட்கள் ஒன்றுமே இல்லை. கை தட்டினோம், கிலுகிலுப்பை ஆட்டினோம். தில்நவோஸ் சாப்பாட்டையே தொடவில்லை. திங்கட்கிழமை காலை நான் தேநீர் கலந்துகொண்டிருந்தேன். வழக்கம்போலக் கிண்ணத்தில் ஊற்றுவதும் மறுபடி கெண்டியில் ஊற்றுவதுமாக மூன்று தடவை. ஷஹ்லோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்து தலையணைக் குஞ்சத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை ஊற்றும்போது குஞ்சத்தைப் பிய்த்த அவள் கை நின்றது. மெதுவாகத் திரும்பினாள். கெண்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், இது நீயா செய்தாய் என்று கேட்பது போல.

கடிகாரத்தில் ஐம்பத்திரண்டு.

மறுபடி ஊற்றினேன். கண்ணை விரித்தாள். தில்நவோஸ் ஓடிவந்தாள், உன் அம்மா ஓடிவந்தாள், யாரும் பேசவில்லை. உன் அம்மாகூடப் பேசவில்லை, நம்புவாயா! தேநீர் ஆறிப் போகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். கவர்னர் வீட்டுக் கல்யாணத்தில் ஊதியிருக்கிறேன், ஊரே திரும்பிப் பார்த்திருக்கிறது. இந்தப் பிள்ளை திரும்பியது போல யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

வாய் திறந்து அழுதேன். அதற்கு என்ன டெசிபல் என்று பார்க்கவில்லை.

இப்போது உன் விஷயம். 'அப்பா, போன்ல எவ்வளவு கூப்பிட்டாலும் அவ என்னைப் பார்க்கறதே இல்ல. விட்டுட்டுப் போனவன் மேல கோபம் போல' என்று போன மாதம் சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் உன்னைப் பெற்றவன், எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. இந்த வாரம் பிள்ளையைக் காட்டாமல் தட்டிக்கழித்தது இதற்காகத்தான்.

கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. முகத்தைக் காட்டாதே, கேமராவை மூடிக்கொள். முற்றத்துக் கதவைச் சாத்தி வைத்திருப்போம், உன் அம்மாவைப் பேசாமல் உட்கார வைப்பது என் பொறுப்பு. அவள் பெயரை மட்டும் சொல். கத்த வேண்டாம், சாதாரணமாகச் சொன்னால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கைக்கு வலுவும், திரும்பும் பாதைக்கு வெளிச்சமும் கிடைக்கட்டும். ஷஹ்லோவுக்கு உன்மேல் கோபம் இருந்ததே இல்லை, மகனே. நீ கூப்பிட்டது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

உன் குரலுக்காக, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்
உன் அப்பா
சொத்வோல்தி