உன் நாற்காலி

தமாசோப்போ,
மே 12, ஞாயிறு.

அன்புள்ள ஒதிலியாவுக்கு,

உன் நிகானோர் எழுதுவது. நானும் யாரெலியும் சுகம். நண்டு ஓடு கிழித்த உன் விரல்கள் ஆறினவா? தூங்கப் போகும்முன் எண்ணெய் தடவிக்கொள். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது மகள் என் தோளிலேயே தொங்குகிறாள். இது அவளை வைத்துக்கொண்டு பேசுகிற விஷயம் இல்லை. அடுத்த குழுவோடு அங்கே மேரிலாந்துக்கு நண்டு உரிக்க வருகிற பெர்த்தாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் முழங்கால் தேவலை. கரும்பு வெட்டப் போக இன்னும் நாளாகுமாம். பீன்ஸ் இப்போதெல்லாம் அடிப்பிடிப்பதில்லை. அவளுக்கு நான் போடும் பின்னல்தான் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "பரவால்லப்பா, கழுதை வாலு மாதிரி ஜோராத்தான் இருக்கு" என்கிறாள். அப்படியே உன் வாய்.

துணி துவைப்பதுதான் கஷ்டம். துவைப்பதுகூட இல்லை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான். கொல்லையில் ஒளிந்து துவைக்கிறேன். வாசலில் யாராவது கூப்பிட்டால், "அப்பா வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லிடு" என்று அவளை அனுப்பிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் அன்னையர் தின விழா. பிள்ளைகள் ஆடி முடித்ததும் அம்மாவின் மடியில் பரிசை வைப்பார்கள், உனக்குத் தெரியாததா. "அம்மா நாற்காலியில நீங்க உக்காரணும்ப்பா, டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்" என்று ஒரு வாரமாக நச்சரித்தாள். சத்தியம் செய்து கொடுத்தேன். கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளிக்கு எதிரே பீர்க் கடை வாசலில் நாலு பேரோடு ஃபகுந்தோ உட்கார்ந்திருந்தான். ஞானஸ்நானத்தில் நாம் பார்த்து யாரெலிக்கு ஞானத்தகப்பனாக வைத்தவன். "வழி விடுங்கடா, ஒதிலியாவோட சம்சாரம் வந்தாச்சு! அன்னையர் தின வாழ்த்துகள் தாயே, புள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?" என்று கத்தினான். தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், ஒதிலியா. "போடா, சும்மா இந்தப் பக்கமாப் போயிட்டிருக்கேன்" என்று சொல்லி அவனோடு உட்கார்ந்துவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் காலைத் தட்டி ஆடுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் நேரே படுக்கைப் பக்கம் போய்விட்டு வந்தாள். நான் சுட்ட டார்ட்டியா ரொட்டியைச் சாப்பிட்டு, நல்லா இருக்குப்பா என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நேற்று அவள் படுக்கையை உதறும்போது தலையணைக்கு அடியில் அந்தப் பரிசு கிடைத்தது. ஒரு ஏப்ரன். அதன் முன்பையின் மேல் தன் உள்ளங்கையைச் சாயத்தில் தோய்த்துப் பதித்திருக்கிறாள். நாடா உன் இடுப்பை இரண்டு சுற்று சுற்றும். கட்டிப் பார்த்தேன், எனக்குக் கச்சிதமாக இருந்தது.

இன்று காலை சந்தையில் டீச்சரைப் பார்த்தேன். "ஆலையில அவசர வேலைன்னு போயிட்டீங்களாமே, யாரெலி சொன்னா. பாவம், பரிசைக் காலி நாற்காலியில வச்சு, வணங்கிட்டு, திரும்ப எடுத்து மடிச்சுக்கிட்டுப் போனா" என்றார். எனக்கு ஏது வேலை? தக்காளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இன்று துணியை வாசலில் துவைத்து வாசல் கொடியிலேயே காயப்போட்டேன். அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான். ஃபகுந்தோ தெருவோடு போகும்போது ஏதோ சொன்னான். சொல்லட்டும். யாரெலி ஜன்னலில் நின்று பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அவள் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

போனில் நீ விழாவைப் பற்றிக் கேட்பாய். அப்பா வேலைக்குப் போயிருந்தார் என்றுதான் சொல்வாள். ஏன் பொய் சொல்கிறாய் என்று அவளைத் திட்டிவிடாதே. அது நான் சொல்லிக்கொடுத்த பொய்.

கன்னி மரியாள் உன் கைகளைக் காக்கட்டும்.

உன்
நிகானோர்