கண் கீழே போன ஆறு விநாடி

மார்ச் 3
வேலையை விட்டாயிற்று. கரகண்டா விமான நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் அடுத்தவன் பறக்க நான் என்ஜின் பார்த்தேன். போதும். இனி நானே ஓட்டப் போகிறேன். வயது முப்பத்தைந்து. நான் சேர்ந்திருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறுபவர்களை எடுத்துக்கொள்ளும் நிறுவனம் முப்பத்தாறு ஆனவனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆக, இந்த ஆண்டுதான்.

சால்தனத் சொன்னாள்: "ஊர்ல இந்த வயசு ஆம்பளைங்க குதிரை வாங்குறாங்க. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போறாரு."

மார்ச் 19
கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது. என்னை 'மாமா' என்கிறார்கள். பறக்கக் கற்றுத்தரும் மராலுக்கே இருபத்தேழுதான்.

அறுநூறு மீட்டர் உயரத்தில், பயிற்சிக்காக, சட்டென்று என்ஜினை அடக்கினாள். "என்ஜின் போச்சு அண்ணே. எங்க எறக்கப் போறீங்க?"

வால்வு, பம்ப், மேக்னெட்டோ என்று வரிசையாகப் பார்த்தேன். ஒன்பது விநாடி. அந்தப் பொடியன்களில் எவனாலும் முடியாது.

"ஒம்பது செகண்ட்ல முப்பது மீட்டர் போச்சு. மொதல்ல மூக்க எறக்குங்க, இல்லன்னா வேகம் செத்துரும். எறங்க எடம் பாருங்க. ரிப்பேரெல்லாம் அப்புறம். நீங்க இன்னும் ஷெட்டுலயே இருக்கீங்க."

பழுது என்னவென்று தெரியாமல் எப்படி இறக்குவது? அபத்தம்.

ஏப்ரல் 8
மறுபடி அதே. குறிப்பேட்டில் எழுதிவிட்டாள்: 'கண் கீழே போகிறது.' வெளியே பார்க்காமல் கருவிகளையே பார்க்கிறேனாம்.

ஏப்ரல் 29
இன்று மூன்று முறை அடக்கினாள். மூன்று முறையும் முதலில் மூக்கு, பிறகு வயல், கடைசியில்தான் பம்ப்.

"பரவால்லையே. அடுத்த வாரம் தனியா விட்டுரலாம்."

ஏப்ரல் 30
எழுத முடியவில்லை.

மே 2
ஒழுங்காக எழுதுகிறேன். முந்தாநாள், புறப்பட்டு நூற்றிருபது மீட்டரில் என்ஜின் நின்றது. நிஜமாகவே. என் கை பம்ப் சுவிட்சுக்குப் போயிற்று. பிறகு வால்வுக்கு. மூக்கு மேலேயே நின்றது, வேகம் செத்துக்கொண்டிருந்தது — நான் பார்க்கவில்லை. ஆறு விநாடி. "விடுங்க, விடுங்க" என்று மரால் கட்டுப்பாட்டைப் பிடுங்கி மூக்கை அமுக்கியபோது உயரம் மிச்சமில்லை. உழுத வயலில், அவள் உட்கார்ந்திருந்த வலப்பக்கமாக மோதினோம்.

எனக்கு உதட்டில் நான்கு தையல். அவளுக்கு முதுகெலும்பு, இரண்டு இடத்தில்.

பம்பின் தண்டு முறிந்திருந்தது. தரையைத் தொடுவதற்குள் அதைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தேன். யாருக்கு வேணும் அது?

மே 11
ஆஸ்பத்திரி. கட்டுப்பாட்டை ஏன் உடனே பிடுங்கவில்லை என்று மராலிடம் கேட்டேன். நானே கேட்டேன், வெட்கமில்லாமல்.

"முந்தின நாள் மூணு தடவ சரியாப் பண்ணீங்களே. இப்பவும் பண்ணிருவீங்கன்னு நெனச்சேன்."

மே 20
விசாரணைக் குழுவின் அறிக்கை தயார். பம்ப் முறிவு. பயிற்றுநர் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளத் தாமதம். மாணவர் சொல்லிக்கொடுத்தபடி செயல்பட்டார். அந்தக் கடைசி வரி மரால் கொடுத்த வாக்குமூலம்.

போனில் கத்தினேன். அவள் கத்தவில்லை. "எனக்கு இனி பறக்க மெடிக்கல் சர்டிபிகேட் தரமாட்டாங்க அண்ணே. ஒருத்தராவது பறக்கட்டும். வாயத் தொறக்காதீங்க."

திருகாணியைச் சரியாக முடுக்காதவனைக்கூடப் பெயர் போட்டு எழுதிக்கொடுத்தவன் நான். பதினோரு ஆண்டுகளாக, ஒருவனையும் விட்டதில்லை.

மே 21
குழுத் தலைவர் கேட்டார்: "நீங்க வேற ஏதாச்சும் சேக்கணுமா?"

இல்லை என்றேன். கையெழுத்திட்டேன்.

ஜூன் 16
தனியாகப் பறந்தேன். ஒன்பது நிமிடம். சுத்தமான இறக்கம்.

வண்டியை நிறுத்துவதற்குள் சூழ்ந்துகொண்டார்கள். "மாமா, சிகரெட் எங்க?" முதல் முறை தனியாகப் பறந்தவன் எல்லோருக்கும் சிகரெட் கொடுக்க வேண்டும், முதல் பாக்கெட் கற்றுக்கொடுத்தவருக்கு. புதிய பயிற்றுநர் என்னோடு பறந்தது இரண்டே வாரம். சிரித்துக்கொண்டே கை நீட்டினார்.

கொடுத்தேன்.